கைக்கு வராத துடிப்பு

"நூற்றுப் பத்து!"

"எண்பத்தாறுங்க!"

"பிள்ளை, உனக்கு எண்ணத் தெரியாது…"

"எனக்கா? அப்பா தப்பு மேளம் அடிக்கிறப்ப நான்தானே அடி எண்ணுவேன்!"

ஜொகூரில், காஹாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரி அது. கட்டிலில் அங்கம்மா மூச்சு வாங்கக் கிடந்தாள். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் சரவணமுத்து, அவள் நெஞ்சில் துடிப்புக் கேட்கும் குழாய் வைத்து எண்ணினார். அதே நிமிடத்தில், பத்து வயது மகள் பேச்சியம்மாள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள்.

வாசலில் கங்காணி அய்யாவு சிரித்தார்.

"காய்ச்சல்கூட இல்ல. எல்லாம் நடிப்பு! நாளைக் காலையில பேர் கூப்பிடுறப்ப நிக்கலைன்னா, பேரை வெட்டிருவேன்."

பேர் போனால் வேலை போகும். தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடும் போகும். பேச்சி டிரெசர் பக்கம் திரும்பினாள்.

"டிரெசர் ஐயா, இடம் மாறிக்குவமா? நீங்க கையைப் பிடிங்க. நான் குழாயில கேக்கிறேன்."

மாறினார்கள். கடிகார முள் ஒரு சுற்று வந்தது.

"நூத்திப் பன்னெண்டு!" என்றாள் பேச்சி.

"எண்பத்தெட்டு…" டிரெசரின் குரல் இறங்கிவிட்டது.

"இப்ப யாருக்கு எண்ணத் தெரியல?" என்றாள் அங்கம்மா.

"ரெண்டு பேருக்கும் தெரியும்மா! நெஞ்சு அடிக்கிற எல்லா அடியும் கைக்கு வரல. அப்பா அவசரமா லேசா தட்டினா அடுத்த லயத்துக்குக் கேக்காதுல்ல? அது மாதிரி!"

டிரெசர் துள்ளி எழுந்தார்.

"ஓம், பிள்ளை! இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்குது. அதுதான் இந்த இளைப்பு!"

கங்காணியிடம் ஒரு சீட்டு நீட்டினார். 'ஓய்வு தேவை. நடிப்பு இல்லை.'

ஜொகூர் பாருவில் இருந்த பெரிய டாக்டருக்குக் கடிதம் போனது. துடிப்பை அடக்கும் சொட்டு மருந்து வந்தது.

"அளவு கூடக் கூடாது. துடிப்பு அறுபதுக்குக் கீழே போனால் நிறுத்த வேணும். நீதான் கவனிக்கணும்" என்று பேச்சியிடம் சொன்னார் டிரெசர்.

வெள்ளிக்கிழமைதோறும் டிரெசரும் பேச்சியும் நெஞ்சிலும் கையிலுமாகச் சேர்ந்து எண்ணினார்கள். மூன்றாம் வெள்ளியன்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

"எழுபத்தாறு!"

"ஆனா தாளம் இன்னும் நொண்டுதுங்க."

"நொண்டட்டும். எல்லா அடியும் கைக்கு வந்து சேருதே!"

மறுநாள் அங்கம்மா இளைப்பில்லாமல் குழாயடி வரை நடந்தாள். எதிர்ப்பட்ட எல்லோரிடமும், "என் நோயைக் கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? என் மக!" என்றாள்.

சாயங்காலம் லயத்து வாசலில் நிழல் விழுந்தது. கங்காணி அய்யாவு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"பேச்சி… என் கையையும் ஒரு தரம் எண்ணிப் பாரேன், ஆயி?"