நாலாம் அறையின் மூச்சு

காலி அறை மூச்சு விடாது. வாழைக்காய் விடும். தாரிலிருந்து சீப்பு சீப்பாக அறுத்துப் பெட்டியில் அடுக்கிய பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. காற்றை இழுத்து, கரியமில வாயுவை விட்டுக்கொண்டேதான் அது பழுக்கிறது. தொட்டியத்திலிருந்தும் முசிறியிலிருந்தும் லாரியில் வரும் காயை அறைக்குள் ஏற்றி, எத்திலீன் வாயுவைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினால், வெளிச்சுவர் மீட்டரில் அந்த மூச்சு எண்ணாக ஏறும். அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் டோல்கேட்டுக்கு அப்பால் இருந்த அந்தப் பழக் குடோனில் ஜென்சிக்கு வேலை. நாலாம் அறைக்குள் மூன்று மாதமாக ஒரு காய்கூடப் போகவில்லை. ஆனாலும் அதன் மீட்டர் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த அறையில்தான் அவள் புருஷன் பெனடிக்ட் செத்தான். சரிந்த அடுக்கைச் சரிசெய்ய உள்ளே போயிருந்தான். லோடுமேன் வீரமலை வழக்கம்போல “உள்ள யாருங்க?” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வெளித்தாழைப் போட்டார். கம்ப்ரசர் இரைச்சலில் அவர் குரல் அவனுக்குக் கேட்கவில்லை, அவன் தட்டியது இவருக்குக் கேட்கவில்லை. காய்கள் விட்ட மூச்சே அவனை முடித்துவிட்டது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கி, காலேஜ் காலேஜாக ஏறி இறங்கியும் கிடைக்காத வேலை, தாலி அறுந்த இடத்திலிருந்து அவளைத் தேடி வந்தது. இந்த உலகத்தின் நியாயத்தை என்னவென்று சொல்ல? வேண்டாம் என்று உதற அவளால் முடியவில்லை. வீட்டில் ஐந்து வயது மகள் பெலிண்டா இருந்தாள். அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு உயிர்தான்.

மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டாம் அறை மீட்டரைக் கழற்றி மாட்டினாள். அதுவும் ஏறியது. வெளிச்சம் மங்கி, பூவன் பழ வாசனை தொண்டைவரை இனித்து, கம்ப்ரசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனக ஆரம்பிக்கும் சாயங்கால வேளையில், அவள் அந்தக் கதவுக்கு முன்னால் ஆணி அடித்தமாதிரி நிற்பாள். எண் மெல்ல ஏறும். பிறகு பதறிக்கொண்டு ஏறும். பிறகு நின்றுவிடும். நிற்பதுதான் கணக்குக்கு ஒத்துவரவில்லை. காயின் மூச்சு அப்படி நிற்காது. எந்த மூச்சு நிற்கும் என்று சொல்ல எம்.எஸ்சி. தேவையில்லை. காலையில் எக்ஸாஸ்ட் ஓடி அறைக் காற்றை மாற்றும். சாயங்காலம் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தினமும் அவன் உள்ளே செத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் எண் பதற ஆரம்பித்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

“வீரமலைண்ணே, தாழை எடுங்க.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வேணாம் மேடம். தட்டுற சத்தம் எனக்கும் கேக்குது. தெனமும் கேக்குது.”

“கேட்டுட்டுமா சும்மா இருக்கீங்க?”

“போனவங்க தட்டுனா தொறக்கக் கூடாதுங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

எனக்கும்தானே இருக்கிறது என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாழும் மனசுக்குத் தோன்றவில்லை. அவளே தாழை இழுத்தாள்.

உள்ளே யாரும் இல்லை. வெறும் இரும்பு அடுக்குகள். அழுகிய பழமும் வேர்வையும் கலந்த ஒரு நெடி. எண் இன்னும் நிற்கவில்லை. இன்றைக்கு அவன் சாகவில்லை. அழுதுகொண்டே, “வாங்க, வீட்டுக்குப் போகலாம்,” என்றாள்.

வெதுவெதுப்பாக ஏதோ அவள் கழுத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. மீட்டர் மளமளவென்று இறங்கியது. சந்தோஷத்தில் அவள் கதவைச் சாத்தக்கூட மறந்து பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனாலும் அவள் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. கொள்ளிடம் பாலத்தில் மார்கழிக் காற்று எல்லா ஜன்னல் வழியாகவும் அடித்தது. முன்சீட்டுப் பெண் முந்தானையால் விசிறிக்கொண்டு, “என்னங்க இது, இப்படி மூச்சு முட்டுது?” என்றாள். அவள் மடியிலிருந்த கைக்குழந்தை அழ வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஜென்சிக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாகக் காற்றுக்குத் தவித்தவன். அறைக்குள் இருந்ததை மட்டுமே குடிக்க முடிந்தவன். காய்ந்த மாடு கம்பிலே விழுந்த கதைதான். இவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கா? இறங்கிவிட வேண்டும், எங்காவது, எந்தத் திசையிலாவது போய்விட வேண்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கைக்குழந்தை வீறிட்டு அழுதது. முன்சீட்டுப் பெண் விசிறுவதை நிறுத்தினாள். பஸ் முழுக்க ஜில்லென்று காற்று.

அவன் இப்போது பஸ்ஸில் இல்லை.

வீட்டுக்கு வழி அவனுக்குத் தெரியும்.

மேலூர் ரோட்டில் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். பெலிண்டாவைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு வைஷ்ணவி வாசலில் நின்றிருந்தாள். “ஏன் இப்படி ஓடி வரேள்? குழந்தை சாப்பிட்டு அப்பவே தூங்கிட்டாளே. ஜன்னலெல்லாம்கூடத் திறந்துதான் வெச்சிருக்கேன்.”

மாடிப்படி. பாதிப் படியிலேயே நெஞ்சு அடைத்தது. கதவு. அழுகிய பழமும் வேர்வையும்.

பெலிண்டா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிடக் காற்று இல்லை.

ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை ஆடிக்கொண்டிருந்தது. கட்டிலில் கொசுவலைக்குள் குழந்தை மல்லாந்து கிடந்தாள். அவள் முகத்துக்கு நேர் மேலே, வலை வெளிப்பக்கமாக இழுபட்டது. ஒரு வாய் அளவுக்கு. குழந்தையின் நெஞ்சு தாழ்ந்தது.

வலை தளர்ந்தது.

நெஞ்சு எழவில்லை.

வலை மறுபடியும் இழுபட்டது.