ஸ்கோல் சொல்லிவிட்டு எங்கே பார்த்தான்?

"யாருங்க நீங்க? என் ஷேக்கர்ல பாட்டில் எலுமிச்சைச் சாறை ஊத்துறீங்க?"

வெளியே ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர மழை... உள்ளே சமையலறையில் தூவாவின் இடி! அக்காவின் நிச்சயதார்த்த விருந்து. எல்லோருக்கும் வோட்கா சவர் காக்டெயில் கலக்குவது அவள் பொறுப்பு.

"சிக்ஸ்டன்... மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு. உதவி பண்ணலாம்னு..."

"உதவியா இது? பழத்தைப் பிழிங்க!"

பிழிந்தான். வோட்கா, சாறு, சர்க்கரைப் பாகு, முட்டை வெள்ளைக்கரு... ஐஸ் போடாமல் முதலில் குலுக்கச் சொன்னாள். மூடியை இறுக்கிப் பிடிக்கவும் சொன்னாள். அவன் முதல் பாதியை மட்டும்தான் கேட்டான்.

டப்! நுரை முழுக்க அவள் முகத்தில்.

"ஐயோ... கண்ணுல பட்டுச்சா?" துண்டால் துடைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். சாம்பல் கலந்த நீலக் கண்கள்... கோபத்தில் இன்னும் நீலமாக.

"என்ன பார்வை? மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க!"

சீறினாளே தவிர, காது சிவந்துவிட்டது. இன்னொரு தடவை பார்த்தால்தான் என்னவாம்!

விருந்து மேஜையில் அவளுக்கு நேர் எதிரே அவன் உட்கார்ந்தான். அப்பா கிளாஸை உயர்த்தினார். "ஸ்கோல்!"

ஸ்கோல் சொன்னால் குடிக்கும் முன் ஒரு பார்வை, குடித்தபின் ஒரு பார்வை என்பது ஸ்வீடன் வழக்கம்... அத்தனை பேரும் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தார்கள். தூவாவும் ஆவலோடு நிமிர்ந்தாள். அவன் மேஜைவிரிப்பைப் பார்த்தான். குடித்தான். மறுபடியும் மேஜைவிரிப்பு!

இதற்குப் பதில் அவள் கன்னத்தில் அவன் அறைந்திருக்கலாம். விரோதிகூட இப்படிச் செய்யமாட்டான். அக்கா வேறு கவனித்துவிட்டாள். தூவா கிளாஸைத் தொடாமல் எழுந்துபோய் வாசலில் மழையில் நின்றாள்.

இரண்டு கிளாஸோடு பின்னாலேயே ஓடிவந்தான்.

"போயிடுங்க! எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்திட்டு..."

"பயந்துட்டேங்க."

"என் மூஞ்சி அவ்ளோ பயங்கரமா?"

"சமையலறையில பார்த்தப்பவே கண்ணை எடுக்க முடியலை. அங்க உங்க அப்பா, அம்மா, அக்கா... உங்களைப் பார்த்திருந்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும்."

"பயந்தாங்கொள்ளி!" கிளாஸைப் பிடுங்கினாள். "இங்க யாரும் இல்லை. இப்பச் சொல்லு... ஸ்கோல்!"

பார்த்தான். குடித்தார்கள். மறுபடி பார்த்தான். அத்தோடு கண்ணை விலக்கிக்கொள்ளலாம்... விலக்கவில்லை. கிளாஸில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"போதும்..." அவள் குரல் இறங்கிவிட்டது.

"போதாது. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, தூவா."

அவ்வளவுதான், கோபம் மறுபடி பொங்கியது. அவன் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தாள்.

"அதை உள்ள வந்து சொல்லு... எங்க அப்பா கண்ணைப் பார்த்து!"