ஜன்னலோரக் காடு

டில்டாவும் அவள் அப்பா யெப்பேயும் கொஞ்ச நாளாக மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். வீட்டில் மேசை இல்லாமல் இல்லை. நல்ல மேசை, நாலு நாற்காலி. ஆனால் அது சமையலறையின் பெரிய ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அதுதான் வம்பு.

அவர்களுடைய தெரு டென்மார்க்கில் இருக்கிறது. ஒரு நடைபாதை, அதன் இருபுறமும் சின்னச் சின்ன வீடுகள், கூரையெல்லாம் புல். சாப்பாட்டுக்கூடம், துணி துவைக்கும் அறை, கண்ணாடிச் செடிவீடு எல்லாமே எல்லோருக்கும் பொது. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் நடைபாதையைப் பார்த்தே இருக்கும். உள்ளே உருளைக்கிழங்கு உரிப்பவர் தலை நிமிர்ந்தால், வெளியே போகிறவருக்குக் கை காட்டலாம். அந்தத் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை.

அம்மா இருந்தவரை டில்டாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. செப்டம்பரில் அம்மா இறந்துபோனாள்.

அதன் பிறகு தெருவே ஜன்னலில் வந்து நின்றது. அப்பா மேசையில் தலையைக் கவிழ்த்தால் போதும், யாராவது பார்த்துவிடுவார்கள். உடனே கதவு தட்டப்படும். ஒருவர் சூப் கொண்டு வருவார். இன்னொருவர் இறைச்சி உருண்டை கொண்டு வருவார். குளிர்பெட்டியில் இடமே இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அப்பா ஒருநாள் ஜன்னலில் போர்வையைக் கட்டினார். அது பெரிய தப்பாகிவிட்டது. பட்டப்பகலில் ஒரு ஜன்னல் மூடிக் கிடந்தால் அந்தத் தெரு சும்மா இருக்குமா? என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு பிரெபென் ஏணியோடு வந்தார்.

"ஏணி எதுக்கு?" என்று கேட்டார் அப்பா.

"கதவு திறக்கலேன்னா மாடி வழியா வரலாம்னுதான்" என்றார் பிரெபென்.

டில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. போர்வையை அவிழ்த்துவிட்டார். அன்று முதல் சாப்பாடு மாடிப்படிக்குப் போனது.

நவம்பர் வந்தது. நாலு மணிக்கே இருட்டியது. மழை விடவேயில்லை. ஒருநாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னார்:

"சனிக்கிழமை ஒரு வீடு பாக்கப் போறோம், டில்டா. டவுன்ல, ஆறாவது மாடி. பக்கத்து வீட்டுல யாருன்னே தெரியாதாம்."

"அங்க அம்மா இருந்ததே இல்லையே" என்றாள் டில்டா.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அப்பா அங்கே குளிப்பதில்லை, அழுகிறார் என்று டில்டாவுக்குத் தெரியும். மாடியில் அம்மாவின் கட்டில் இருப்பதால் அவர் அங்கே போவதே இல்லை. சோபாவில்தான் தூங்குகிறார்.

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது, பக்கத்து வீட்டு உல்லா செடிவீட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குளிருக்கு பயந்து தெருவே தன் தொட்டிச் செடிகளை அங்கே கொண்டுவந்து அடைத்திருந்தது. கால் வைக்க இடமில்லை.

"வா கண்ணு. சாயங்காலம் ஆப்பிள் கேக் கொண்டு வரேன்" என்றாள் உல்லா.

"கேக் வேண்டாம், உல்லா."

"ஏன், பிடிக்காதா?"

"பிடிக்கும். ஆனா நீங்க எல்லாரும் ரொம்ப வர்றீங்க. அப்பா அழணும்னா குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழறாரு. எங்களுக்கு வேற இடமே இல்ல."

உல்லாவின் முகம் வாடிப்போனது. கையிலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"நாங்க உதவின்னு நெனச்சோம். வராம இருந்தா மனசு கேக்கலியே."

டில்டா தொட்டிகளைப் பார்த்தாள். ஆள் உயர அத்திச் செடி ஒன்று. அடர்த்தியான பிரிஞ்சி இலைச் செடி ஒன்று. சிவப்புப் பூ வாடாத ஜெரேனியம் வரிசை.

"அப்ப கேக்குக்குப் பதிலா செடி குடுங்க" என்றாள். "இங்கதான் இடமில்லையே. எங்க ஜன்னல்ல இருக்கு."

உல்லாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. பிறகு தொட்டி தூக்க ஆள் கூப்பிட, விறுவிறுவென்று பிரெபென் வீட்டுக்கு நடந்தாள்.

"ஆனா தண்ணி ஊத்த நீங்க வரக்கூடாது! நான்தான் ஊத்துவேன்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் டில்டா.

அப்பா வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டார். ஜன்னல் முழுக்கச் செடி. தரையில் உயரமானவை, திண்டில் குட்டையானவை.

"இதென்ன காடு?"

"குளிர்காலம் முடியறவரை நம்ம வீட்டுல தங்குதுங்க. ஒக்காருங்க."

அப்பா மேசை முன்னால் உட்கார்ந்தார். வெளியே யாரோ நடந்துபோனார்கள். காலடிச் சத்தம் கேட்டதே தவிர ஆள் தெரியவில்லை. போனவர் கண்ணிலும் இவர்கள் பட்டிருக்கமாட்டார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை.

அப்பா அங்கேயே, மேசையில் தலை வைத்து அழுதார். டில்டாவும் அழுதாள். குழாய் மூடியே இருந்தது. பிறகு இருவரும் தட்டை மேசையில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா அத்தித் தொட்டியை ஒரு சாண் நகர்த்தினார். இடைவெளியில் நடைபாதை தெரிந்தது. பிரெபென் துணிக்கூடையோடு மழையில் நின்றுகொண்டிருந்தார். வரவும் முடியாமல் போகவும் மனமில்லாமல், தன்னுடைய செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், நனையுறாரே" என்றார் அப்பா. "கதவைத் திற."

பிரெபென் உள்ளே வந்து காபி குடித்தார். அதிகம் பேசவில்லை. இலையில் ஒரு தூசியைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் டில்டா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கேட்கவே பயமாக இருந்தது.

"அப்பா, இன்னைக்குச் சனிக்கிழமை. அந்த ஆறாவது மாடி..."

அப்பா தண்ணீர்க் குவளையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாம அங்க போயிட்டா," என்றார், "இதுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துறது?"