பூவிழி போனதும் இரைகிற பெட்டி

அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்ற என் தோழி பூவிழி, திரும்பிப் போகும்போது சிரித்தாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சிரித்தாள் என்றுதான் நினைவு சொல்கிறது. ஆனால் அவள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அதனாலேயே அந்த நினைவை நான் முழுதாக நம்புவதில்லை. மற்றதை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

என் பெயர் துர்கா. எங்கள் வீடு நெல்லித்தோப்பில் இருக்கிறது. அப்பா ராஜவேல், குட்டி யானை ஓட்டுகிறார். குட்டி யானை என்றால் சின்னச் சரக்கு வண்டி. தும்பிக்கை எல்லாம் கிடையாது. விடிவதற்குள் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போவார். மதியம் வீட்டுக்கு வந்தால் அவருக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று சோறு, இன்னொன்று பாட்டு.

பாட்டுக்காக ஒரு ஸ்ட்ரீமர் வாங்கினார். விலை குறைந்தது, சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து, டிவி வழியாகக் கொடுத்தது. பாடுகிறவர் தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு பாடுவதுபோல் கேட்டது.

"என்னாங்க, இவருக்கு ஜலதோஷமா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பாவின் கூட்டாளி செல்வகுமார் சித்தப்பா வந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. அதை அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

"ஸ்ட்ரீமர் மேல தப்பு இல்லண்ணா. பாட்டு நெட்டுல வெறும் எண்ணாத்தான் வருது. அந்த எண்ணச் சத்தமா மாத்தறதுக்குத் தனியா ஒரு பொட்டி வாங்கு. அத பெருசாக்க ஒரு ஆம்ப்ளிஃபையர். மரத்துல ரெண்டு ஸ்பீக்கர். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா. அப்பா அவள் பக்கம் பார்க்காமல் மெதுவாகத் தண்ணீர் குடித்தார்.

காந்தி வீதியில் ஞாயிறுதோறும் சந்தை போடுவார்கள். புதுச் சட்டையும் விற்கும், பழைய வானொலியும் விற்கும். அப்பா அங்கே போய் ஞாயிற்றுக்கு ஒன்றாக எல்லாவற்றையும் வாங்கி வந்தார். கடைசியாக வந்தது ஆம்ப்ளிஃபையர். கனமான கறுப்பு இரும்புப் பெட்டி அது.

அதன் பிளக் எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நுழையவில்லை. அப்பா அதன் ஒயரைக் கழற்றி, குறடோடு வாசற்படிக்குப் போனார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பி வந்து செருகினார். இப்போது நுழைந்தது.

பூவிழி அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் குடும்பம் கடலோரக் குருசுக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் அப்பா படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். எங்கள் ஆறாம் வகுப்பில் ஜியோமெட்ரி பாக்ஸில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

அப்பா பாட்டைப் போடப் போனார். பூவிழி உடனே எழுந்து வந்து, கறுப்புப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"என்னாடி பண்ற?" என்றேன்.

"கேக்கறேன்."

"காதாலதானடி கேப்பாங்க?"

"எஞ்சின காதால மட்டும் கேட்டா ஏமாந்துடுவோம்னு எங்கப்பா சொல்வாரு. ஓடும்போது கை வச்சிப் பாக்கணுமாம்."

பாட்டு வந்தது. வயலின் ஒரு மூலையிலிருந்து வந்தது, தபேலா இன்னொரு மூலையிலிருந்து வந்தது. பாடகர் போர்வையை எடுத்துவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றவள், வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் பூவிழி வீட்டுக்குப் போனாள். அவள் செருப்பைப் போடுவதற்குள் பெட்டி ஆரம்பித்தது.

'ங்ங்ங்ங்...'

டம்ளருக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஓர் இரைச்சல். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை.

திங்கட்கிழமை பூவிழி வந்தாள். "என்னா மாமா, இரையுது?" என்று கேட்டபடி பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். இரைச்சல் நின்றுவிட்டது. அவள் இருந்த நேரம் முழுக்கப் பாட்டு பளிச்சென்று கேட்டது. அவள் போனதும், 'ங்ங்ங்ங்...'

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அன்று முழுக்க இரைச்சல்தான்.

புதன்கிழமை வந்தாள். மறுபடியும் நின்றது. அன்று நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது, அவள் மேசைக்குப் பின்னால் குனிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தாள். எதுவும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை செல்வகுமார் சித்தப்பா சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு திருகாணி லூசாக இருந்தது.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சிக்காத. அந்தப் பொண்ணு வந்தா பாடுது, போனா இரையுது. கையில ஸ்க்ரூடிரைவர் வேற. உள்ள எதையோ கழட்டறா, மாட்டறா."

"சின்னப் பொண்ணு, அவளுக்கு என்னா தெரியும்?" என்றாள் அம்மா.

"எஞ்சின் மெக்கானிக் பொண்ணு அண்ணி. உனக்கும் எனக்கும் தெரியாததெல்லாம் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இருக்கவில்லை.

"மேசைக்குப் பின்னால குனிஞ்சிட்டிருந்தாப்பா," என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் பெரிதாகிவிட்டது. என் பையைத் திறந்து பென்சில், ரப்பர், ஸ்கேல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் இருந்தது. இருந்தும் மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

வியாழக்கிழமை பூவிழி வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்..."

"நாங்க வெளிய போறோம்மா. அப்புறம் பாக்கலாம்."

அப்பா கைலியில் இருந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எங்கேயும் போகவில்லை என்பது பூவிழிக்குத் தெரிந்திருக்கும். அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். அப்போதுதான் சிரித்தாளோ என்னவோ.

அவள் போனதும் அப்பா சொன்னார். "ஞாயித்துக்கிழம அவங்கப்பாகிட்ட நேராவே கேட்டுடறேன்."

பூவிழியின் அப்பா கண்டிப்பானவர். அடுத்தவர் பொருளைத் தொட்டாள் என்று யாராவது புகார் சொன்னால் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிவிடுவார். தான் வேலை பார்க்கும் எஞ்சின் கொட்டகைக்கு இனி அவளைக் கூட்டிப் போகவே மாட்டார். அந்தக் கொட்டகைதான் அவளுக்கு உலகம்.

அவள் செய்திருந்தால் சரி. செய்யாமல் இருந்தால்?

வெள்ளிக்கிழமை பள்ளியில் அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். வீடு திரும்பும் வழியில் நான் முன்னாலும் அவள் பின்னாலும் நடந்தோம். இரண்டு செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை மதியம் அப்பா பிடிவாதமாக இரைச்சலோடேயே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தூசி துடைக்க வந்தாள். மேசையைத் துடைத்தாள். ஸ்பீக்கரைத் துடைத்தாள். கறுப்புப் பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அதன் பின்பக்கத்தைத் துடைத்தாள்.

இரைச்சல் நின்றது.

அம்மா கையை எடுத்தாள். 'ங்ங்ங்ங்...'

அம்மா அதைக் கவனிக்கவில்லை. அப்பாவும் கண்ணைத் திறக்கவில்லை. நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பூவிழி வந்தபோதெல்லாம் என்ன செய்தாள்? ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். ஞாயிறு, கை வைத்தாள், கிளம்பும்வரை எடுக்கவே இல்லை. திங்கள், பேசிக்கொண்டே கை வைத்தாள், அன்றும் எடுக்கவில்லை. புதன், குனிந்திருந்தாள். அப்போதும் ஒரு கை மேலே, பெட்டியின் மீது இருந்தது. அவள் ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்ததை நான் பார்த்தேனா? இல்லை. ஒரு தடவைகூட இல்லை. லூசான திருகாணி சந்தையிலிருந்தே அப்படி வந்திருக்கும்.

எழுந்து போய் என் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தேன். அமைதி. எடுத்தேன். இரைச்சல்.

"அப்பா, கண்ணத் தெறந்து பாருங்க."

அப்பா பார்த்தார். தானும் கை வைத்துப் பார்த்தார். செல்வகுமார் சித்தப்பாவைப் போன் செய்து வரவழைத்தார். அவரும் வைத்துப் பார்த்தார்.

"அட! என் கையில ஏதோ பவர் இருக்குண்ணா," என்றார் சித்தப்பா.

"அப்ப இங்கயே நில்லு. நான் பாட்டுக் கேக்கறேன்," என்றார் அப்பா.

"எல்லார் கைக்கும் நிக்குதே சித்தப்பா. அப்ப பூவிழி எதையும் கழட்டல," என்றேன் நான்.

பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. அம்மா துடைக்கும் துணியை மேசையில் போட்டாள். "செந்தமிழ்ச்செல்வியக் கூப்பிடுங்க. ஆளாளுக்குத் தடவிப் பாத்தது போதும்."

செந்தமிழ்ச்செல்வி அக்கா எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் எலெக்ட்ரீஷியன். வந்ததும் அவர் பெட்டியைத் தொடவே இல்லை. சுவிட்சை அணைத்தார். ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பிளக்கை உருவினார்.

"இதுல மேல ஒரு தடி பின் இருக்கணுமே. எங்கண்ணே?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"உள்ள போகல, அதான்... வெட்டிட்டேன். சும்மாதான இருந்துது?"

"சும்மா இல்லண்ணே. அதுதான் எர்த். வேண்டாத கரண்டு பூமிக்கு எறங்கிப் போற வழி. அத நீங்க அடைச்சிட்டீங்க. போக வழியில்லாம அது பாட்டுல வந்து இரையுது. யாராவது கை வச்சா அவங்க வழியாக் கொஞ்சம் எறங்குது, சத்தம் நிக்குது."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி, இது வெளையாட்டு இல்ல. பொட்டிக்குள்ள ஒரு ஒயரு வுட்டுப் போயிருந்தா தொட்டவங்களத் தூக்கி அடிச்சிருக்கும். இனிமே யாரும் கை வைக்கக் கூடாது." அக்கா என்னையும் சித்தப்பாவையும் சேர்த்தே முறைத்தார்.

புதுப் பிளக்கும், எர்த் ஒயர் உள்ள புது எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வந்தன. சுவரில் எர்த் சரியாக இருக்கிறதா என்று அக்கா சோதித்தார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

எந்தச் சத்தமும் இல்லை. பாட்டு இன்னும் போடவில்லை. ஆனால் யாரும் போடச் சொல்லவும் இல்லை. அந்த அமைதியையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சொன்னபடியே பூவிழி வீட்டுக்குப் போனார். ஆனால் வேறு விஷயம் பேச வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன்.

பூவிழியின் அப்பா முற்றத்தில் கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தார். என் அப்பா தொண்டையைச் செருமினார்.

"உங்க பொண்ண நான் தப்பா நெனச்சிட்டேங்க. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." பின்னை வெட்டியதை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னார்.

பூவிழி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"மாமா, பிளக்குல மேல் பின்னு இல்லன்னு நான் புதன்கிழமையே பாத்தேன். எதுக்கும் எங்கப்பாவக் கேட்டுக்கிட்டு சொல்லலாம்னு வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் வியாழக்கிழம வந்தேன். நீங்க வெளிய போறோம்னு சொன்னீங்க."



"அந்தப் பின்ன எந்த மடையன் வெட்டினான்?" என்று கேட்டார் அவள் அப்பா.

அப்பா முற்றத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார்.

"நாந்தாங்க," என்றார் அப்பா.

அந்தக் கண்டிப்பான மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் பூவிழியிடம் தனியாகப் போனேன். "நீ குனிஞ்சிருந்தத நாந்தான் சொன்னேன். என் பையக்கூடத் தெறந்து எல்லாம் இருக்குதான்னு பாத்தேன்," என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"எல்லாம் இருந்துதா?"

"இருந்துது."

"அப்ப சரி. நாளைக்கு எனக்கு ஒரு ரப்பர் குடு. என்னுது தொலைஞ்சிடுச்சி."

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. அப்பா இப்போது எந்தப் பிளக்கையும் வெட்டுவதில்லை. வீட்டுக் குறடு அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. செல்வகுமார் சித்தப்பாவுக்கு இன்னும் எல்லாம் தெரியும், ஆனால் சொல்வதற்கு முன் பிளக்கை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். வெட்டிய அந்தப் பின் வாசற்படியோரம் கிடைத்தது. அது பூவிழியின் ஜியோமெட்ரி பாக்ஸில், ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள்.