செவலையின் குரல்

போடிமெட்டுச் சாலையில் ஜீப்பை விட்டு இறங்கி, சிலமலை அன்னக்கொடி புது வேலைக்குப் போனாள். ஏலக்காய் உலர்த்திய பழைய ஸ்டோர் அது. வாசம் இன்னும் சுவரில் இருந்தது. உள்ளே இப்போது நாய்கள். காய் பரப்பும் கம்பி வலைத் தட்டுகளையே கூண்டாக்கியிருந்தான் முதலாளி ஜெகதீஷ். அவன் விற்பதற்காக ஓயாமல் குட்டி போடுவதுதான் அவற்றின் பிழைப்பு.

ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வாயை மட்டும் திறந்து மூடின.

"தொண்டையில கத்தி வச்சாச்சு. சத்தம் கேட்டா பக்கத்து எஸ்டேட்டுல புகார் குடுப்பாய்ங்க. நீ ஒஞ் சோலியப் பாரு," என்றான் ஜெகதீஷ்.

அன்னக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈன்று இரண்டு நாளான ஒருத்தி அவள் கையை நக்கினாள். செவலை என்று பெயர் வைத்தாள்.

பகலிலேயே மஞ்சு இறங்கி இருட்டியது. குட்டிகள் நடுங்கின.

"தாயையும் குட்டியையும் ஒலத்துற ரூம்புல அடைச்சு அடுப்பப் போடு. கதவத் தெறக்காத, சூடு போயிரும்."

காய்க்கு அதுதான் முறை. காய் மூச்சு விடாது. குட்டி விடுமே!

கதவின் உட்புறத்தைப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்க நகக்கீறல்.

"போன மழைக்கும் இப்பிடித்தான் அடைச்சீகளா?"

"பொகை கசிஞ்சிருச்சு... விடு." அவன் கதவைச் சாத்தினான்.

அந்தக் காலி அறைக்குள் ஒரு நாய் குரைத்தது.

பிறகு இன்னொன்று.

மூட்டாத அடுப்பிலிருந்து புகை நாற்றம் வந்தது. கதவு அதிர்ந்தது.

"தெறக்காத ஆத்தா," என்று முணுமுணுத்தான் ஜெகதீஷ்.

அவள் அவனை விலக்கினாள். கதவை விரியத் திறந்தாள்.

"வாங்கடி. எல்லாரும் வெளிய வாங்க."

யாருமில்லை. வெதுவெதுப்பாக ஏதோ அவள் கணுக்காலை உரசிப் போனது.

சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றவனைத் திரும்பிப் பார்க்காமல், எல்லாக் கூண்டுகளையும் திறந்துவிட்டாள். வேலை முடிந்து மலை இறங்கிய ஜீப்பில், காய் எடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு நாயை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் சிலமலையில், அன்னக்கொடி வீட்டு வாசலில் செவலை மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்னக்கொடியின் போன் அடித்தது.

"அந்த நாய வாய மூடச் சொல்லு, ஆத்தா. போடியில எங்க வீட்டுக்கு வந்தும் விட மாட்டேங்குது." ஜெகதீஷின் குரல் உடைந்திருந்தது.

"தொண்டைய அறுத்தது நீங்கதான? நல்லாக் கேளுங்க, மொதலாளி."

செவலை வாயைத் திறந்தாள். வாசலில் ஒரு சத்தமும் இல்லை.

குரைப்பு போனுக்குள் கேட்டது.