மாலை போட்ட படம்

விசுவமடுச் சந்தியில் வீரபாகுவின் போட்டோ ஸ்டூடியோ. உச்சி வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போன, கணினி திருத்தும் கஜனிக்கு இந்த வேலை புதிதல்ல. கணினி சூடேறி அணைகிறதாம். வன்னிப் புழுதிக்கு வேறென்ன வேலை?

பெட்டியைக் கழற்றினாள். காற்றாடியில் புழுதி மெத்தையாய் அடைந்திருந்தது. ஊதித் துடைத்தாள். புரொசசரின் மேல் காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிது பூசினாள். கலியாணப் படங்களைத் திறந்து பார்த்தாள். திரை மூலையில் சூடு காட்டும் எண் நாற்பத்தைந்து பாகையில் சமர்த்தாக நின்றது.

"இனிப் பிரச்சினை இல்லை, அண்ணை."

"அந்தப் படத்தையும் திறவுங்கோ பாப்பம்," என்றார் வீரபாகு. குரல் ஏனோ தணிந்திருந்தது.

அந்தப் படத்தில் இருப்பவன் கமலேஸ்வரியின் மகன் விதுசன்; யுத்தத்தின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவன். அவனுடைய ஒரேயொரு படம் ஸ்கேன் பண்ணும்போது கிழிந்துவிட்டது. மிச்சம் இந்தக் கணினிக்குள் இருப்பதுதான். தாய் இன்றைக்கு வாங்க வருகிறார்.

திறந்தாள்.

அறுபது. எண்பது. தொண்ணூற்றேழு.

அணைந்தது.

பென் டிரைவில் எடுப்போமென்றால் அதற்கும் அணைந்தது. மயிர் கருகிய நாற்றம் எழும்பியது. கஜனி பயந்து பயந்து புரொசசரின் மேலிருந்த உலோகத்தைத் தொட்டாள்.

கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது.

"அண்ணை, படத்தில என்ன செய்தனீங்கள்?"

திரை அணையுமுன் கண்டுவிட்டாள். பையனின் கழுத்தில் மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே 'மறைவு'.

"பழைய படம் பெருப்பிக்க வந்தால் எல்லாருக்கும் போடுறதுதானே, தங்கச்சி. கைப்பழக்கத்தில போட்டிட்டன்."

"ஐயோ அண்ணை! அவா இன்னும் மகனைத் தேடிக்கொண்டெல்லோ திரியிறா!" கஜனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி திறந்தாள். மாலையை அழித்தாள். விளக்கை அழித்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. கடைசியாக 'மறைவு' என்றதையும் அழித்தாள்.

எண் இறங்கியது.

படத்தை அச்சடித்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் சாத்தி வைத்தார்கள். பின்னேரம் கமலேஸ்வரி வந்தார். படத்தை மடியில் வைத்து, மகனின் நெற்றியைத் தடவியவர் திடுக்கிட்டார்.

"என்ர பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது."

கஜனியும் தொட்டாள்.

கண்ணாடி சுட்டது.

"செத்த உடம்பு சுடாது, மகள்," என்று கமலேஸ்வரி கிசுகிசுத்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் கஜனிக்குப் பயமாயிருந்தது. "ஒரு ஈரத்துணி தாங்கோ."

நெற்றியில் போட்ட துணி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காய்ந்தது. கமலேஸ்வரி அதை எடுத்து, திரும்ப நனைத்துத் தரும்படி கஜனியிடம் நீட்டினார்.