குழாயின் அந்த முனையில்

"வருதா அத்த?"

"வரல."

"இப்ப?"

"வரலடி. கைப்புள்ள ஏப்பம் விடற மாதிரி சத்தம் மட்டும் வருது."

"நல்லாப் பாருங்க."

"லோங்காங்குக்குள்ள தலைய விட்டுப் பாக்கவா? இரு... இரு... ஆங், வருது. கறுப்பா வருது, நீ போடற காப்பி மாதிரியே."

ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் நடக்கும். தீபாவளி முடிந்து, பெருமழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஒரு சனிக்கிழமையில் மலேசியாவின் லாபிஸிலிருந்த அந்தப் பழைய வீட்டில், மழைநீரை வெளியே தள்ளும் பம்பைச் சோதிப்பார்கள். மருமகள் கஸ்தூரி பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில் இருந்த குழியருகே நிற்பாள். மாமியார் வெள்ளையம்மா வீட்டு முன்னால், குழாய் வந்து முடியும் சாலையோரச் சாக்கடையான லோங்காங்கின் சிமெண்டுப் பலகையில் குடையோடு உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது வெளியே போகிறதா என்று இன்னொருத்தி பார்த்துச் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் வெள்ளையம்மா செருப்பை இழுத்துக்கொண்டு பின்பக்கம் வருவாள். படியில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்துவாள்.

"அவன்கிட்ட கேட்டியா?"

"நீங்க கேளுங்க அத்த. பெத்தவங்க சொன்னா தட்ட மாட்டாரு."

"நான் கேட்டா ஆத்தாளுக்கு என்னமோ சீக்குன்னு பயந்துக்குவான். பொண்டாட்டி கேட்டா அது ஆச. நீ கேளு."

"எனக்கு வெக்கமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்."

இருவரும் சிரித்துவிடுவார்கள். ஹேமநாதன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டு, மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்துபோவான். இந்தக் குடும்பத்துக்காகத்தான் அங்கே கிடக்கிறான். அவனிடம் போய், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடு என்று எப்படிச் சொல்வது? இரண்டு பெண்களும் அந்த ஒரு வாக்கியத்தை ஒருவர் மடியில் மற்றவர் போட்டுக்கொண்டே இருந்தார்கள். போன மழைக்காலத்தில், சாலையெல்லாம் வெள்ளம் மூடியிருந்தபோது, வெள்ளையம்மா நெஞ்சுச் சளியில் இறந்துபோனாள். மகன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்த கண்களைக் கஸ்தூரிதான் மூடினாள்.

இந்த வருடம் வீட்டில் தீபாவளி இல்லை. ஓராண்டு இன்னும் நிறையவில்லை. மழைக்கு அதெல்லாம் தெரியாது. சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டதில் வீடு பள்ளத்தில் நின்றுவிட்டது. பம்பு ஓடவில்லையென்றால் விடிவதற்குள் சமையலறையில் தண்ணீர் ஏறிவிடும்.

சனிக்கிழமை மதியம், கிளினிக்கில் காலையிலிருந்து நின்றபடி மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கஸ்தூரி வீடு திரும்பினாள். கால்கள் கனத்தன. கதவைத் திறந்ததும் அடைந்து கிடந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. ஈரச் சுவர். காயாத துணி. அதற்கடியில் இன்னொன்று. அத்தை முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம்.

அந்தப் புட்டியைக் காரியம் முடிந்த மறுநாளே எறிந்துவிட்டிருந்தாள்.

மூக்குக்கும் பழக்கம் விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உடை மாற்றினாள்.

ஹேமநாதன் மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். முன்பக்கம் நின்று பார்க்க இந்த முறை அவன்தான். திங்கட்கிழமை அவன் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னும் இரண்டு வருடம். "நீ என்ன சொல்ற?" என்று தொலைபேசியில் கேட்டிருந்தான். "உங்க இஷ்டங்க" என்று சொல்லிவிட்டாள். அதுதான் வழக்கமான பதில். வைத்த பிறகு, அணைந்துபோன திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் இந்தச் சுவர்களோடு அவள் மட்டும்.

பிற்பகல் வெளிச்சம் சட்டென்று மங்கியது. செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து கருமேகம் இறங்கி வந்தது. அவன் வருவதற்குள் சுத்தமாவது செய்துவைக்கலாம் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழியின் மூடியை நகர்த்தினாள். குளிர்ந்த காற்று ஒன்று மேலே வந்து முகத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. சேற்றையும் அழுகிய இலைகளையும் வாரி வாளியில் போட்டாள். பம்பைத் தானாக ஓடவைக்கும் மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தாள். சிக்காமல் ஏறி இறங்கியது.

அப்போது பக்கவாட்டுச் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து வந்தது. சுவர் மூலைவரை வந்து நின்றது. பிறகு திரும்பி முன்பக்கம் போயிற்று.

"வந்துட்டீங்களா?"

காரோட்டி வந்த களைப்பில் அவன் அதிகம் பேச மாட்டான். கஸ்தூரி பிளக்கைச் செருகினாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மிதவை மெல்ல நிமிர்ந்தது. பம்பு உறுமியது.

"வருதா?"

"வரல."

தூறலிலும் பம்பின் இரைச்சலிலும் குரல் தேய்ந்து வந்தது. அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது போல.

"இப்ப?"

"வரல."

மறுபடி பிளக்கைப் பிடுங்கினாள். கயிற்றைப் பிடித்துப் பம்பை மேலே தூக்கி, அடியிலிருந்த வலைத்தட்டைக் கழற்றினாள். உள்ளே எதுவோ சுற்றியிருந்தது. விரலை விட்டு இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது.

நீளமான வெள்ளை முடி.

அத்தை தலை குளிப்பது இங்கேதான். பழைய முடியாக இருக்கும். ஒரு வருடம் சேற்றில் கிடந்த முடி கறுத்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. இது வெளுப்பாக, இப்போதுதான் சீவி எடுத்ததுபோல இருந்தது. தைலம் மணத்தது.

அவளுக்கு யோசிக்கவும் முடியவில்லை. முடியைச் சுருட்டி எறிந்துவிட்டுப் பம்பை இறக்கி, பிளக்கைச் செருகி, தண்ணீரை ஊற்றினாள்.

"இப்ப பாருங்க."

"இரு... இரு... ஆங், வருது."

கஸ்தூரியின் கையில் வாளி அப்படியே நின்றது.

படியில் வைத்திருந்த தொலைபேசி அடித்தது. ஹேமநாதன்.

"கஸ்தூரி, யொங் பெங் கிட்டயே மாட்டிக்கிட்டேன். ஒரே ஜாம்லா. நீ பாட்டுக்குத் தனியா பம்ப நோண்டிட்டு இருக்காத. நான் வந்து முன்னாடி நிக்கறேன்."

அவள் பம்பைப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?"

"ம்."

"பக்கத்துல யாரு பேசறது? டிவியக் கொஞ்சம் கொறச்சு வைய்யேன், ஒன்னும் புரியல."

டிவி ஓடவில்லை.

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். குழியில் தண்ணீர் வற்றி மிதவை சாய்ந்தது. பம்பு நின்றது. மழையும் ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல நின்றது. முன்பக்கமிருந்து குழாய் வழியாக, சுவரோரமாகத் தவழ்ந்து வந்தது அந்தக் குரல்.

"அவன்கிட்ட கேட்டியா?"

கஸ்தூரி ஓடவில்லை. அதற்குத் தெம்பு வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாக முன்னால் நடந்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

லோங்காங் ஓரத்தில் யாரும் இல்லை.

கறுப்புத் தண்ணீர் குழாயிலிருந்து கடைசியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சிமெண்டுப் பலகை முழுவதும் நனைந்து மினுங்கியது, நடுவில் ஓர் இடத்தைத் தவிர. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது. மழை அதன்மேல் விழுவதை அவள் பார்த்தாள். விழுந்தும் அது நனையவில்லை.

"இன்னும் இல்ல அத்த," என்றாள்.

அதன் பக்கத்தில், ஈரத்தில், உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. தோளில் ஏதோ சாய்ந்ததுபோல ஒரு பாரம். கனமில்லாத, குளிர்ந்த பாரம். அவள் விலகவில்லை. கடைசி நாட்களில் அத்தையைத் தூக்கி உட்காரவைக்கும்போது இப்படித்தான் சாய்வாள்.

மழை விடாத மாலையில் கார் வந்து நின்றது. ஹேமநாதன் இறங்கினான். காதோரம் நரைத்திருந்தது. போன முறை வந்தபோதும் நரைத்திருந்திருக்கும், அவள் பார்க்கவில்லை.

"என்னம்மா இது, மழையில உக்காந்துக்கிட்டு? சாவியத் தொலச்சிட்டியா?"

இல்லையென்று தலையசைத்தாள். அவன் பெருமூச்சு விட்டு அந்தக் காய்ந்த இடத்தில் உட்காரப் போனான்.

"அங்க வேணாங்க."

"ஏன்?"

அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அவளுடைய மறுபக்கம் வந்து குந்தினான். சட்டை நனைந்துகொண்டிருந்தது. அவனும் எழுந்திருக்கவில்லை.

"வர வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன். திங்கக்கெழம சைன் பண்ணிடவா? நீ ஒன்னுமே சொல்ல மாட்டேங்கற. அம்மாவும் அப்படித்தான். கேட்டா ரெண்டு பேரும் சிரிச்சுக்குவீங்க."

கஸ்தூரி அவன் பக்கம் திரும்பினாள். உங்க இஷ்டங்க என்பது நாக்குவரை வந்தது. வந்து அங்கேயே நின்றது. தோளிலிருந்த பாரம் கழுத்து வழியாக மெல்ல ஏறியது. தைலத்தின் வாசனை இப்போது வெளியே எங்கும் இல்லை. அவள் வாய்க்குள்ளேயே இருந்தது.

அவள் கை தானாக உயர்ந்து, அவன் தலையில் வழிந்த மழையை வழித்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை; அது அத்தையின் வழக்கம். ஹேமநாதனின் முகம் மாறியது.

உதடுகள் பிரிந்தன.

"நாங்க ரெண்டு பேரும் களச்சுப் போய்ட்டோம் தம்பி. கையெழுத்தெல்லாம் போடாத. வீட்டுக்கு வந்துடுய்யா."